புதுப்பிப்பு: ரோலண்ட் – அஜய் காட்சி கிடைத்துவிட்டது

‘தி லாஸ்ட் வேர்ல்ட்: ஜுராசிக் பார்க்’ (1997) படத்தில் வேட்டைக்காரர் ரோலண்டுக்கும் அஜய்க்கும் உள்ள நட்பை ஏன் சரியாகக் காட்டவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். காட்டத்தான் எடுத்திருக்கிறார்கள், அப்புறம் வெட்டிவிட்டார்கள். என்னிடமிருந்த விஎச்எஸ் நாடாவில் அது இல்லை. 2000-இல் வந்த டிவிடியில், நீக்கப்பட்ட காட்சிகளில் இருக்கிறது.

நேற்று இரவு பார்த்தேன். கென்யாவின் மொம்பாசா நகரில் ஒரு மதுக்கூடம். பணிப்பெண்ணிடம் வம்பு செய்யும் சுற்றுலாப் பயணியை, ஒரு கையைக் கட்டிக்கொண்டே அடித்து வீழ்த்துகிறார் ரோலண்ட். டைரனோசரஸ் என்ற டைனோசர் வேட்டைக்கு அவரை அழைப்பது அஜய்தான்!

கடைசியில் அந்த விலங்கைப் பிடித்த பிறகும் ரோலண்ட் முகம் வாடிக் கிடப்பது இப்போதுதான் நெஞ்சைத் தைக்கிறது. அழைத்து வந்த நண்பனையே பறிகொடுத்தவர் அல்லவா? ரோலண்டாக நடித்த பீட் போஸ்டில்த்வெயிட் எவ்வளவு அருமையான நடிகர்! இதை வெட்டியிருக்கவே கூடாது.