புதுப்பிப்பு: உலுருவிலிருந்து லாவர்டன் வரை செல்ல அனுமதி

ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கு அருகிலுள்ள யுலாரா என்ற ஊரிலிருந்து மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் லாவர்டன் வரை, பழங்குடியினர் நிலங்கள் வழியே சுமார் 1,100 கிலோமீட்டர் நீளும் கிரேட் சென்ட்ரல் சாலையில் காரில் செல்ல ஒரே அனுமதி போதுமா என்று முன்னர் கேட்டிருந்தேன். போதாது, வடக்குப் பிரதேசத்துக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான எல்லைக்கு இருபுறமும் தனித்தனியே பெற வேண்டும். வடக்குப் பிரதேசப் பகுதிக்கு 1976ஆம் ஆண்டின் பழங்குடி நிலவுரிமைச் சட்டப்படி அமைந்த மத்திய நில மன்றம் (Central Land Council) அனுமதி வழங்குகிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு அம்மாநில அரசுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டும் இப்போது கைக்கு வந்துவிட்டன. கட்டணம் இல்லை. பயணத் தேதிகள், வண்டியின் பதிவு எண், உடன் வருவோரின் பெயர்கள் ஆகியவற்றையே படிவம் கேட்டது. ஆனால் இது கடந்து செல்வதற்கான அனுமதி மட்டுமே என்பதால், வாரக்குர்னா, வார்பர்ட்டன் போன்ற இடங்களின் சாலையோர நிலையங்களில் எரிபொருள் நிரப்பித் தங்கலாமே தவிர, கிளைப்பாதை ஒன்று அழகாகத் தெரிகிறதே என்று வண்டியைத் திருப்ப முடியாது. மதுவும் கூடாது.

இந்நிலங்களிலுள்ள ஊர்களுக்கு வேலைக்குச் செல்வது பற்றிக் கேட்ட நண்பருக்கு: அது வேறு வகை அனுமதி. எந்த ஊரில், யாருக்காக, எவ்வளவு காலம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களைக் கலந்தாலோசித்த பிறகே முடிவெடுப்பார்கள் என்பதால் கூடுதல் காலம் பிடிக்கும். அவர்கள் மறுக்கவும் செய்யலாம்; அனுமதி கிடைக்கும் முன் விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.