பெல்ட்டைக் கழட்டினா மேனுவல் ஸ்டீயரிங் ஆயிடுமா?

டோல்கேட் டர்னர்:
மாஸ்டாவோட ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரான பழைய யூனோஸ் ரோட்ஸ்டர் 1.6-ஐ பவர் ஸ்டீயரிங்ல இருந்து மேனுவல் ஸ்டீயரிங் ஆக்க "பம்ப் பெல்ட்டைக் கழட்டு, ரேக்குக்குப் போற ரெண்டு ஹோஸையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து லூப் போடு, அரை மணி நேர வேலை"ன்னு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்குப் பேர் மேனுவல் இல்ல சார், செத்துப்போன பவர் ஸ்டீயரிங். டயர்களை இடம் வலம் தள்ளற ரேக் தண்டுல, ஆயில் பிரஷர்ல உதவற பிஸ்டன் அப்படியே உக்காந்திருக்கும். திருப்புற ஒவ்வொரு தடவையும் அது ஆயிலை வால்வோட சின்ன சந்து வழியா தள்ளியாகணும். மெதுவா ஓட்டினா தெரியாது. டக்குனு வெட்டினா சேத்துல கை விட்ட மாதிரி இழுக்கும். அதை விடப் பெரிய விஷயம் பினியன், அதாவது ரேக்கை நகத்தற பல் சக்கரம். மேல் தண்டுக்கும் பினியனுக்கும் நடுவுல ஒரு டார்ஷன் பார், முறுக்கிக் கொடுக்கற மெல்லிய கம்பி. அது முறுக்கினாத்தான் வால்வு திறக்கும். பிரஷரே இல்லாதப்ப அந்த முறுக்கு வெறும் ப்ளேதான், டயர் அசையாம ஸ்டீயரிங் வீல் மட்டும் ஆடற ஆட்டம். அதை வெல்டு அடிக்காம மேனுவல்னு சொல்லாதீங்க.

காசிமேடு காஸ்டர்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், பயமில்ல. ஆயிரம் கிலோ கூட இல்லாத வண்டி, 185/60 ஆர்14 டயர். இதுக்கு லூப் தாராளம். பினியன் ஹார்டன் பண்ண ஸ்டீல், அது மேல வெல்டு வெச்சா பக்கத்துலயே கிராக் விடும். ஸ்டீயரிங்ல போய் வெல்டா? லேத்துக்காரருக்கு எதைப் பாத்தாலும் வெல்டுதான் ஞாபகம் வரும்.

டோல்கேட் டர்னர்:
லேத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். வெல்டு விட்டா என்ன ஆகும்னு முதல்ல சொல்லுங்க. மேல் தண்டுக்கும் பினியனுக்கும் நடுவுல இரும்பு ஸ்டாப்பர் இருக்கு. வெல்டு விட்டாலும் பழைய ப்ளே திரும்பி வரும், அவ்வளவுதான். வீல் கையோட வந்துடாது. செய்யற முறை இது: ரேக்கை இறக்கி பினியனை வெளிய எடு. சீல், ஓ-ரிங், டெஃப்லான் வளையம், பேரிங் எல்லாத்தையும் கழட்டு. தண்டை நடு நிலையில நிறுத்தி ஆர்கான் வாயு வெல்டிங்ல மூணு இடத்துல சின்னச் சின்னப் பொட்டு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஆற விடு. கோடு மாதிரி இழுத்து அடிக்காதே, தண்டு வளைஞ்சிடும். ஆர்க் வெல்டிங் கிட்டயே போகாதே.

வியாசை ரேக்:
நைனா, ரெண்டு பேரும் இன்னாத்துக்கு மல்லுக்கு நிக்கறீங்க? பவர் ரேக் 15:1, அதாவது டயர் ஒரு டிகிரி திரும்ப வீலை 15 டிகிரி திருப்பணும். கம்பெனி மேனுவல் ரேக் 18:1, கைக்கு லேசு. எவ்ளோ வெல்டு அடிச்சாலும் 15 பதினெட்டு ஆவாது. எண்ணூர் ஹை ரோட்ல கண்டெய்னர் லாரி பின்னாடி ஊர்ந்துகினு போவும்போது தோள்பட்டைதான் பேசும். மேனுவல் ரேக்கே வாங்கிப் போட்டுட்டுப் போ.

டோல்கேட் டர்னர்:
18:1-ல அந்த வண்டி டக்குனு திரும்பற வெட்டு எங்க இருக்கும்? 15:1 வேணும்னுதானே இவ்வளவு வேலை. நான் கேட்டது வெல்டு பத்தி.

பெரம்பூர் புல்லி:
ஏசியை யாராவது நினைச்சுப் பாத்தீங்களா? இந்த இன்ஜின்ல ஏசிக்கும் பவர் பம்புக்கும் ஒரே பெல்ட். டைட் பண்ற இடமே பம்ப் பக்கம்தான். பம்பைத் தூக்கிட்டா அங்க பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ஐட்லர் புல்லியும் பிராக்கெட்டும் போடணும், அளவு குறைஞ்ச பெல்ட் வேணும். காஸ்டர் சொன்ன மாதிரி பெல்ட்டை மட்டும் கழட்டினா ஏசியும் போச்சு. சித்திரை வெயில்ல ஓட்டிப் பாருங்க, தெரியும்.

காசிமேடு காஸ்டர்:
ஏசியா? ஸ்போர்ட்ஸ் காருக்கா? அந்தக் காலத்துல சோழவரம் ஓடுதளத்துல ரேஸ் ஓடின ஹெரால்டும் ஃபியட்டும் ஏசி போட்டா ஓடிச்சு? அதுங்களுக்குப் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது, வெல்டும் கிடையாது.

வியாசை ரேக்:
ஹெரால்டு ரேக், ஃபியட் 1100 ஸ்டீயரிங் பெட்டி. ரெண்டையும் ஒண்ணா சேக்காத பா.

டோல்கேட் டர்னர்:
அதுங்க பிறந்ததே மேனுவலா. உள்ள டார்ஷன் பார் கிடையாது, எதை வெல்டு அடிக்க? லூப் ஆளுங்களுக்கு இன்னொண்ணு. பிஸ்டன் மேல இருக்கற சீல் வளையத்தைக் கழட்டினாத்தான் பாரம் குறையும். அப்புறம் பிஸ்டன் ஓடற சிலிண்டர்ல ஆயில் போக வர இருக்கற ரெண்டு போர்ட்டையும் அடைச்சிடாதீங்க. உள்ள சிக்கின காத்து எதிர்த்துத் தள்ளும். திறந்தும் விடாதீங்க. காசிமேட்டு உப்புக் காத்து உள்ள போய் ரேக் தண்டு துரு புடிச்சு, ஓர சீலைக் கிழிச்சிடும். ஒரு ஹோஸால ரெண்டு போர்ட்டையும் இணைச்சு மூடிடுங்க. ஆயில் போயிட்டதால தண்டு முழுக்க லித்தியம் கிரீஸ். ரேக் அட்ஜஸ்ட் நட்டை இறுக்கி ப்ளேயை மறைக்கப் பாக்காதீங்க, வளைவுல இருந்து வீல் தானா திரும்பி வராது. கடைசியா டோ அலைன்மென்ட், அதாவது முன் டயர் ரெண்டும் பாக்கற திசையைச் சரி பண்றது.

காசிமேடு காஸ்டர்:
எங்க ஊர் காத்தை இழுக்காம உங்களால பேச முடியாதா? டோல்கேட்ல என்ன ஊட்டிக் காத்தா வீசுது? போன மாசம் கார்புரேட்டர் பேச்சுலயும் இதே வேலைதான் பண்ணீங்க. லூப்ல எத்தனை டிகிரி ப்ளே வருதுன்னு ஒரு நம்பர் சொல்லுங்க பாப்போம்.

டோல்கேட் டர்னர்:
டயர் தரையில இருக்க, இன்ஜின் ஆஃப். வீல் விளிம்புல டேப் ஒட்டி, டயர் அசையற வரைக்கும் டேப் எவ்வளவு நகருதுன்னு நீங்களே அளந்து போடுங்க. வெல்டு அடிச்ச ரேக்ல அது ஏறக்குறைய இருக்காது.

காசிமேடு காஸ்டர்:
"ஏறக்குறைய"வாம். அளக்கற ஆளு பேசற பேச்சா இது?

பெரம்பூர் புல்லி:
ஐட்லர் பிராக்கெட் பத்திக் கேட்டேனே, யாராவது பதில் சொல்லுங்கப்பா.

டோல்கேட் டர்னர்:
பிராக்கெட் அப்புறம். வெல்டு வேணுமா வேணாமா, அதை முதல்ல சொல்லச் சொல்லுங்க.