வஹாக்காவின் நிறங்களைப் பார்த்துத் திரும்பிய பின் எழும் ஒரு கேள்வி

செண்டுப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு அக்டோபர் இறுதியில் மெக்சிகோவின் தென்பகுதியில் உள்ள வஹாக்கா மாநிலத்துக்குச் சென்று, பத்து நாட்கள் தங்கித் திரும்பினேன். வந்த நாள்முதல் உறவினர்களும் நண்பர்களும் “ஊர் எப்படி?” என்று கேட்கும்போதெல்லாம், “எங்கு திரும்பினாலும் நிறம்” என்றுதான் பதில் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் மனத்தில் ஒரு குறை தங்கிவிடுகிறது. அதைத்தான் இங்கே கேட்க வந்திருக்கிறேன்.

வஹாக்கா நகரத்தின் பழைய கட்டடங்கள் இளம்பச்சைச் சாயல் உடைய ஒருவகைக் கல்லால் கட்டப்பட்டவை. அவற்றுக்கிடையே மஞ்சள், நீலம், செம்பருத்திச் சிவப்பு என்று சுவர்கள் வரிசையாக நிற்க, தெருவுக்குக் குறுக்கே பூவேலையாக வெட்டிய வண்ணத்தாள் தோரணங்கள் காற்றில் அசைகின்றன. முதல் இரண்டு நாட்களும் படம் எடுப்பதிலேயே எனக்குக் கழிந்தன.

மூன்றாம் நாள், நகரத்துக்குக் கிழக்கே உள்ள தியோதித்லான் தெல் வாயே என்ற, சபோதெக் பூர்வகுடியினரின் நெசவாளர் கிராமத்துக்குப் போனேன். தறி போட்டிருந்த முற்றத்தில், ஒரு பெண்மணி சப்பாத்திக்கள்ளி மடலில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் ஒட்டியிருந்த வெள்ளைப் புள்ளி ஒன்றை நகத்தால் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்து, நசுக்கச் சொன்னார். கட்டைவிரலால் அழுத்தினேன், கை முழுக்க இரத்தச் சிவப்பு பரவியது. அது கோச்சினீல் என்னும் பூச்சி. அவர் அதன்மேல் எலுமிச்சை பிழிந்ததும் சிவப்பு செம்மஞ்சளை நோக்கி நகர்ந்தது. சமையல் சோடாவைத் தூவியதும் கத்தரிப்பூ நிறத்துக்குத் திரும்பியது. ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் மீண்டும் தறியில் உட்கார்ந்துகொண்டார். அதுவரை நான் எடுத்திருந்த படங்களெல்லாம் அந்த நேரத்தில் எனக்குப் பொருளற்றவையாகத் தோன்றின.

அடுத்து, கல்லறைத்தோட்டம். இறந்தோர் வீடு திரும்புவதாக நம்பப்படும் நாட்கள் நவம்பர் 1, 2. முதல் நாள் குழந்தைகளுக்கும் மறுநாள் பெரியவர்களுக்கும் உரியது. முந்தைய இரவே குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றி, விடியும்வரை அமர்ந்திருக்கிறார்கள். அங்கே குவிந்து கிடந்தவை நம் பூக்கடைகளில் நாம் தினமும் பார்க்கும் செண்டுப்பூவும் கோழிக்கொண்டைப்பூவும்தான். செண்டுப்பூவுக்கு அங்கே செம்பசூச்சில் என்று பெயர். அங்குள்ள பூர்வகுடி மொழியான நாவாட்லில் ‘இருபது மலர்’ என்று பொருள், இதழ்களின் மிகுதியைக் குறித்து வந்த பெயர். அதன் மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறந்தவர் வழி கண்டு வருகிறார் என்பது நம்பிக்கை. சிறு முக்காலியில் அமர்ந்து இதழ்களை உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை, அவர் அறியாமல் பின்னாலிருந்து படம் எடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ துணியில் சுற்றி வைத்திருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிட்டு என்னிடம் நீட்டினார். அந்த ரொட்டியின் மேற்புறத்தில், மாவால் செய்து வண்ணம் தீட்டிய சிறு முகம் ஒன்று பதிந்திருந்தது.

என் கேள்வி இதுதான். நான் பார்த்தது அந்த நாட்டையா, அல்லது அதன் அலங்காரத்தை மட்டுமா? அங்கு போய்வந்தவர்கள், வாழ்ந்தவர்கள், இந்த நிறங்களை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்? அந்தப் படத்தை நான் பிறருக்குக் காட்டலாமா?

---

மலைநகரவாசி எழுதியது:

வணக்கம். பணி நிமித்தமாக நான்கு ஆண்டுகள் மெக்சிகோ நகரத்தில் வாழ்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

அந்நாட்டின் நிறங்களில் ஒரு பகுதி திட்டமிட்டு முன்னிறுத்தப்பட்டது. 1910-இல் தொடங்கிய புரட்சி ஓய்ந்த பிறகு, எழுத்தறியாத பெரும்பான்மையினருக்கு அவர்களுடைய வரலாற்றைச் சுவரிலேயே காட்டிவிட வேண்டும் என்று அரசு முனைந்தது. கல்வி அமைச்சராக இருந்த ஹொசே வாஸ்கொன்செலோஸ் ஓவியர்களை அழைத்துப் பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஒப்படைத்தார். தியேகோ ரிவேரா 1923 முதல் 1928 வரை கல்வி அமைச்சகத்தின் முற்றங்களில் வரைந்தவற்றுள் நெசவாளர்களுக்கு ஒரு சுவரும், சாயம் தோய்ப்பவர்களுக்கு ஒரு சுவரும் உண்டு. உணவு இடைவேளைகளில் நான் பலமுறை அந்தச் சாயக்காரர்களின் முன் நின்றிருக்கிறேன். தொட்டியை நோக்கிக் குனிந்த அந்த உடல்களைப் பார்த்த பிறகு, நிறத்தை வெறும் அலங்காரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் வேறொரு பகுதியும் உண்டு. தலைநகரில் இன்று பல லட்சம் பேர் கூடும் இறந்தோர் நாள் ஊர்வலம் 2016-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்துக்காக உருவாக்கப்பட்ட கற்பனைக் காட்சியே அதற்கு முன்மாதிரி. நீங்கள் கண்ட கல்லறை விழிப்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வஹாக்கா நகரத்திலும் நீங்கள் ரசித்த வண்ணச் சுவர்த் தெருக்கள் சில, இப்போது விடுதிகளும் காப்பிக் கடைகளும் நிறைந்த தெருக்களாகிவிட்டன. வாடகை தாங்காமல் பழைய குடியிருப்பாளர்கள் வெளியேறுவதை எதிர்த்து 2024 ஜனவரியில் அங்கே ஊர்வலமே நடந்தது. அழகான சுவரைப் பார்க்கும்போது, அதன் பின்னால் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

படத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: காட்டாதீர்கள். முன்பே கேட்டிருந்தால் அவர் பெரும்பாலும் தலையசைத்திருப்பார். கேட்காமல் எடுத்தது, அவர் ரொட்டி தந்ததால் கேட்டு எடுத்ததாகிவிடாது.

---

பவானிக்கரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தறித்தொழிலில் இருக்கிறது. நான் இயற்கைச் சாயம் தோய்க்கிறேன். மெக்சிகோ சென்றதில்லை. ஆனால் உங்கள் உள்ளங்கையில் நடந்ததை நன்றாக அறிவேன் என்பதால் எழுதுகிறேன்.

எலுமிச்சைபோன்ற புளிப்பும் சோடாபோன்ற காரமும் படும்போது சாயம் நிறம் மாறுவது எல்லாச் சாயப்பட்டறைகளிலும் நடப்பதுதான். அதை நூலில் நிற்கவைப்பதே வேலை. முதலில் கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். பின் படிகாரத்தில் ஊறவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாயப்பானைக்குப் போகும். தண்ணீர் மாறினால் நிறம் மாறும். பானையின் உலோகம் மாறினாலும் மாறும். ஒரே ஆள் ஒரே அளவில் போட்டாலும், இரண்டு பானைச் சிவப்புகள் அக்காள் தங்கைபோல இருக்குமே தவிர, ஒன்றாக இருப்பது அரிது. சோழமண்டலக் கரையில் இம்பூரல் வேரிலிருந்து சிவப்பு எடுத்த நம் முன்னோருக்கும் இதே பாடுதான்.

நீலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வஹாக்கா மாநிலத்தின் நில்தெபெக் பகுதியில் இன்றும் அவுரி பயிரிட்டு, இலையை நீரில் ஊறவைத்து, அந்த நீரை அடித்துக் கலக்கி, அடியில் படியும் நீலத்தைக் கட்டியாக்குகிறார்கள். திண்டிவனம் பக்கத்து அவுரித் தொட்டியடியில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஊதாவின் கதை இன்னும் வியப்பானது. அம்மாநிலத்தின் பசிபிக் கரையில், பினோத்தேப்பா தெ தோன் லூயிஸ் என்னும் ஊரைச் சேர்ந்த மிஷ்டெக் பூர்வகுடிச் சாயக்காரர்கள், அலையடிக்கும் பாறைகளில் ஒட்டியிருக்கும் ஒருவகை நத்தையைப் பெயர்த்தெடுத்து, அது சுரக்கும் பாலை நேரடியாக நூல் சிட்டத்தில் தேய்த்துவிட்டு, நத்தையை உயிரோடு மீண்டும் பாறை ஈரத்தில் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பால் வெயிலிலும் காற்றிலும் பச்சையாகி, நீலமாகி, ஊதாவில் நிலைக்கிறது. கொல்லாமல் எடுத்தால்தான் அடுத்த முறையும் கிடைக்கும் என்பதை அந்தத் தொழிலே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

முந்தைய பதிலில் ஐயா சொன்னது சரிதான் என்றாலும், நாட்டையும் அலங்காரத்தையும் அப்படி இரண்டாகப் பிரிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பயணிகளுக்கு விற்பதால் ஒரு விரிப்பு பொய்யாகிவிடாது. விற்றால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். 1856-இல் முதல் செயற்கை ஊதாச் சாயம் வந்து, 1869-இல் செயற்கைச் செஞ்சாயமும் வந்த பிறகு, உலகம் முழுவதும் வேர்ச்சாயமும் பூச்சிச் சாயமும் சந்தையை இழந்தன. தியோதித்லானிலும் எல்லா விரிப்புகளும் இயற்கைச் சாயத்தில் தோய்த்தவையாக இருக்க வழியில்லை. அதைக் குற்றமாகவும் நான் கருதவில்லை. எதில் தோய்த்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலையை வாங்கினால் போதும்.

நீங்கள் அங்கே விரிப்பு ஏதேனும் வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் அதைப் பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரமாகப் போட்டுப் பாருங்கள். குறுக்கே ஓடும் ஊடை நூல் நெடுக்கே ஓடும் பாவு நூலை முழுவதும் மூடியிருக்கும், எங்கள் பவானி ஜமக்காளத்தைப்போல. சாயம் தோய்த்தவரின் கைக்கணக்கு அதில்தான் தெரியும்.

---

அடையாற்றங்கரை எழுதியது:

அந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு என்பதால் சுருக்கமாக ஒரு செய்தி.

ஸ்பானியர் ஆண்ட காலத்தில் வெள்ளிக்கு அடுத்தபடியாக மெக்சிகோவிலிருந்து ஏற்றுமதியான பெருஞ்செல்வம் இந்தச் சாயம். உயிருள்ள பூச்சி நாட்டைவிட்டு வெளியேறாதபடி அவர்கள் காவல் காத்தார்கள். உலர்ந்த மணிகளை மட்டுமே கண்ட ஐரோப்பியர், அது விதையா பூச்சியா என்று நெடுங்காலம் விவாதித்தார்கள். இந்தச் சிவப்பைத் தாமே உற்பத்தி செய்ய விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே வைத்தார். ஆனால் பிரேசிலிலிருந்து 1795-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது உயர்ந்த வகைப் பூச்சியன்று. சாயம் குறைந்த காட்டுவகை. முயற்சி பலிக்கவில்லை.

வஹாக்காவின் உழவர்கள் பல நூற்றாண்டுகள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தெடுத்த பூச்சி அது. மழையும் குளிரும் தாங்காத அதற்கு, கள்ளி மடல்களை வெட்டிக் கூரைக்குள் மாட்டிவைத்துப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறார்கள். தோட்டம் போட்டதும் கைக்கு வந்துவிடும் நிறமாக அது இருந்ததில்லை. உங்கள் கையில் நசுங்கியது அந்த வளர்ப்புப் பூச்சிதான்.

நம் கோயில் மாலைகளில் இருக்கும் செண்டுப்பூவும் மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து நம்மிடம் வந்ததுதான். நீங்கள் அங்கே கண்டது அதன் தாய்வீடு.

---

செண்டுப்பூ எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படத்தைப் பற்றி மலைநகரவாசி ஐயா சொன்னதை ஏற்கிறேன். அதை எவருக்கும் காட்டப்போவதில்லை. நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் அந்தக் கல்லறைத்தோட்டத்துக்கு அருகில் வளர்ந்தவர் என்பதால், அச்சிட்ட ஒரு படியை அவருக்கு அனுப்பி, மூதாட்டியின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தால் சேர்க்கும்படி இன்று எழுதியிருக்கிறேன்.

பவானிக்கரை அண்ணா, ஒரு சிறு விரிப்பு வாங்கினேன். நீங்கள் சொன்னபடி இன்று காலை சன்னலோரம் விரித்துப் பார்த்தேன். நடுவில் வரும் சிவப்புப் பட்டையில், இரண்டு விரற்கடை அகலத்துக்கு நிறம் இலேசாக வெளிறி, பிறகு மீண்டும் அடர்கிறது. வாங்கிய அன்றே இதைக் கவனித்து, பழுது என்று எண்ணி, விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெண்மணியும் மறுபேச்சின்றிக் குறைத்துக் கொடுத்தார். அந்த இடத்தில் விரலை வைத்து அவர் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த சிறிதளவு ஸ்பானிய மொழியில் ‘பானை’ என்ற சொல் மட்டுமே அப்போது பிடிபட்டது. ஒரு பானைச் சாயம் முடிந்து அடுத்த பானை தொடங்கிய இடம் அது என்பது இன்றுதான் புரிகிறது. குறைத்த தொகையையும் அந்த வீட்டு அம்மாள் வழியாகவே அனுப்பிவைக்கிறேன்.