மலையைத் தாண்டும் வானொலி அலை சுரங்கப்பாதையில் அடங்குவது ஏன்?

கேள்வி:
திருச்சி வானொலியை 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் கேட்டுக்கொண்டே காரில் ஊருக்குப் போன நாள்களிலிருந்து எனக்குள் இருக்கும் ஐயம் இது. துறையூரைக் கடந்து பச்சைமலையின் மறுபக்கம் போனால் பண்பலை மங்கிவிடும். மத்திய அலையோ தெளிவாகக் கேட்கும். ஆனால் வழியிலுள்ள ரயில்வே சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததுமே மத்திய அலை அடங்கிவிட, பண்பலை தடையின்றி ஒலிக்கும். மலையையே கடந்து வரும் அலைக்கு இந்தச் சிறிய பாதைக்குள் நுழைய முடியாதது எதனால்?

மறுமொழி 1:
இரண்டுக்கும் அலைநீளமே காரணம். ஒளியின் வேகமான நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரை அதிர்வெண்ணால் வகுத்தால், நீங்கள் கேட்ட மத்திய அலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர் என்றும், பண்பலையின் நீளம் சுமார் 3 மீட்டர் என்றும் கிடைக்கும். நீண்ட அலை தடையின் விளிம்பில் வளைந்து அதன் பின்புறத்தையும் எட்டிவிடும். குறுகிய அலை அவ்வளவு வளையாததால் தடைக்குப் பின்னால் நிழல் விழுந்துவிடும். சுவருக்கு அப்பால் நிற்பவரின் பேச்சு நமக்குக் கேட்பதும் ஆள் கண்ணுக்குத் தெரியாததும் இதனால்தான். பேச்சொலியின் அலைநீளம் ஒரு மீட்டர் அளவில் இருக்க, ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

மறுமொழி 2:
மலை பற்றிய விளக்கம் சரி. சுரங்கப்பாதையின் கதை வேறு. கம்பி கட்டிய கான்கிரீட்டும் அதைச் சூழ்ந்த மண்ணும் சேர்ந்து அந்தப் பாதையை ஓர் உலோகக் குழாயைப் போல ஆக்கிவிடுகின்றன. குழாயின் அகலம் அலைநீளத்தில் பாதியை விடக் குறைவாக இருந்தால், அலை உள்ளே பரவாமல் வாயிலருகிலேயே தேய்ந்துபோகும். 320 மீட்டரில் பாதி 160 மீட்டர். அவ்வளவு அகலமான சுரங்கப்பாதைக்கு எங்கே போவது? பண்பலைக்கு ஒன்றரை மீட்டரே போதும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள துளையிட்ட தகடும் இதே வேலையைத்தான் செய்கிறது: 12 சென்டிமீட்டர் அலை உள்ளேயே நின்றுவிட, ஒளி மட்டும் வெளியே வந்து உணவைக் காட்டுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரவில் மத்திய அலையில் தொலைதூர நிலையங்கள் கேட்பதும் இந்த வளைவால்தானா?

மறுமொழி 2:
இல்லை ஐயா. வானில் மிக உயரத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த பகுதியான அயனி மண்டலத்தின் கீழடுக்கு பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிட, மேலடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலை பல நூறு கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்குகிறது.