பழைய ஜீப் கியர்பாக்ஸ்ல அம்பாசிடர் 1.8 எஞ்சின் மாட்டணும், யாராவது பண்ணிருக்கீங்களா?

போடிக்காரன்
வணக்கம். வீட்ல அப்பா காலத்து சிஜே 3பி ஜீப் நிக்குது, ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். பிளாக்ல விரிசல் விட்டுருச்சு, ரெண்டு தடவ அடைச்சும் தண்ணி கசியுது. ஏலத்தோட்டத்துக்கு ஏறி எறங்குற வண்டி, விக்க மனசே வரல. நல்ல கண்டிஷன்ல அம்பாசிடர் இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சின் ஒன்னு கெடச்சிருக்கு, அதோட 5 கியர் பாக்ஸும் சேத்து தர்றேங்கிறாங்க. ஆனா எங்க மெக்கானிக் ஜீப் பாக்ஸையே வச்சுக்கலாம், எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு பிளேட் போட்டா போதும்ங்கிறாரு. சரியா வருமாண்ணே?

கோவை லேத்
தம்பி, மெக்கானிக் சொல்றது சரிதான், ஜீப் பாக்ஸ விட்றாதீங்க. அம்பாசிடர் பாக்ஸ் பின்னாடி ஒத்த ஷாஃப்ட் தான் போகும். உங்க ஜீப்போட டி-90 பாக்ஸுக்கு பின்னாடியே, முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இழுவைய பிரிச்சுத் தர்ற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒட்டி நிக்குது, அத கழட்டுனா 4 வீல் டிரைவே போச்சு.

ஆனா "ஒரு பிளேட் போட்டா போதும்"னு சொன்னாரு பாருங்க, அங்கதான் கவனம். போல்ட் ஓட்டை சேர்றது பெரிய விஷயமே இல்ல, யாரு வேணா போட்ருவாங்க, கிராங்க்கோட சென்டரும் கியர்பாக்ஸ் சென்டரும் ஒன்னா வரணும், அதுக்குத்தான் காசு. பிளேட்ட மாட்டி பெல் ஹவுசிங்க (கிளட்ச மூடுற கூடு) டைட் பண்ணிட்டு, ஃப்ளைவீல்ல டயல் கேஜ (நுணுக்கமா அளக்குற முள்ளு மீட்டர்) வச்சு, முள்ள பெல் ஹவுசிங் நடு வட்டத்துல தொட வச்சு, ப்ளக்க கழட்டிட்டு கையால கிராங்க்க ஒரு முழு சுத்து சுத்துங்க. முள்ளு ஓடுறது மொத்தமா 5 தௌக்குள்ள (ஒரு தௌன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கணும். 12 தௌ காட்டுனா நெஜமா விலகியிருக்கறது அதுல பாதி, 6 தௌ. அதுக்கு ஹவுசிங்க எடத்துல நிறுத்துற டவல் பின்ன ஆஃப்செட்டா, அதாவது மையம் விலகி கடைஞ்சு போட்டு சரி பண்ணணும், போல்ட்ட லூஸ் விட்டு தட்டி நகத்துனா நிக்காது.

போடிக்காரன்
ரொம்ப நன்றிண்ணே. கிளட்ச் எதப் போடறது? ஜீப் கிளட்ச் பிளேட் இசுசு ஃப்ளைவீல்ல உக்காருமா?

கோவை லேத்
ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் இசுசுவோடதே இருக்கட்டும். கிளட்ச் பிளேட்ல மட்டும் நடு ஹப்ப மாத்தணும், ஏன்னா டி-90 ஷாஃப்ட் ஒன்னே அரைக்கால் இஞ்சு, அதாவது 1 1/8 இஞ்சு, 10 பல்லு. வெளி வட்டம் இசுசு அளவு, உள்ள ஜீப் ஹப், ரிவெட் அடிச்சு தர்ற கடைங்க இருக்கு. பழைய ஹப்ப ஷாஃப்ட்ல கைல போட்டு வழுக்கிட்டு போகுதான்னு பாருங்க, இழுத்துப் பிடிச்சா கிளட்ச் கட் ஆகாது. அப்புறம் நடுவுல போடற அந்த பிளேட் கனம் எவ்வளவோ அவ்வளவு ஷாஃப்ட் பின்னாடி போயிரும், கிராங்க் பின்னாடி ஷாஃப்ட் நுனியத் தாங்குற பைலட் புஷ்ஷுக்குள்ள நுனி எட்டாது. அதுக்கு கிராங்க் ஓட்டைக்கு நீளமா ஒரு பித்தள புஷ் கடையணும். அளவு எடுக்காம புஷ் கடையாதீங்க. ஸ்டார்ட்டரும் இசுசு தான், ஃப்ளைவீல் ஓரத்துப் பல்லு (ரிங் கியர்) அதோடது, ஸ்டார்ட்டர் ஓட்டையயும் பிளேட் வரையும்போதே வரைஞ்சிருங்க.

மேகமலை ரோடு
நான் சொந்தமா அனுபவிச்சத சொல்றேன். எனக்கு ஒரு பட்டறைல இதே வேல பண்ணாங்க, கேஜ் எல்லாம் வைக்கல, கண் அளவு. முதல் மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் எறக்கத்துல ஆக்சிலேட்டர் விட்டா மூணாம் கியர்ல இருந்து தானா நியூட்ரலுக்கு வரும். கழட்டிப் பாத்தா பைலட் புஷ் முட்டை வடிவத்துல தேஞ்சிருக்கு, பாக்ஸ் முன் பேரிங் கையால ஆட்டுனாலே ஆடுது. கியர்பாக்ஸ்ல கொறை இல்ல, சென்டர் தான் தப்பு. மலை எறக்கத்துல கியர் விட்டா எஞ்சின் பிரேக் இல்லாமப் போயிரும், உயிர் போற விஷயம், அதனால அண்ணன் சொன்ன கேஜ் வேலைய விட்றாதீங்க.

இன்னொன்னு, ஹரிக்கேன் 2199 சிசி, இது 1817. ஹெச்பி கிட்டத்தட்ட சமம்தான், ஆனா அடி வலு (கம்மி ஸ்பீடுல இழுக்குற வலு) கம்மியா தெரியும். உங்க ஆக்ஸில் கியர் விகிதம் 5.38 அப்படியே இருக்கட்டும், யாராவது மைலேஜுக்கு மாத்தச் சொன்னா மாத்தாதீங்க, ஏத்தத்துல இழுக்காது.

வண்டிப் பேப்பர்
வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்ருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சி புக்ல இருக்கற விவரம் கம்பெனி மொதல்ல குடுத்த விவரத்துக்கு மாறாப் போற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது. எஞ்சினோட பில்ல பத்திரமா வைங்க, புது எஞ்சின் நம்பர் ஆர்சில ஏறாம ரோட்டுல எடுத்தா இன்சூரன்ஸ்லயும் பிரச்சனை வரும்.

போடிக்காரன்
எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு ஆர்டிஓ ஆபீஸ் போய்ட்டு, அங்க சரின்னு சொன்னா எஞ்சினையும் பெல் ஹவுசிங்கையும் வண்டில ஏத்தி கோவைக்கே கொண்டு வந்துர்றேன். டயல் கேஜ் வைக்கும்போது நானும் பக்கத்துல நிக்கணும்ணே.