பீனிக்ஸுக்குப் புதிதாக வந்த எங்கட ஊர்க்காரருக்கு: வளவும் வீட்டுக்கு எடுக்கிற கோலும்

அரிசோனாவுக்கு வந்து இறங்கியவர்கள் முதலில் கேட்பது வேலையும் வாடகையும்தான், அதற்கு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் வளவைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் வருடம் யாழ்ப்பாணத்துக்குக் கோல் எடுத்தால் "சாப்பிட்டாச்சோ, அங்க வெயிலோ" என்று இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். ஒரு நாள் பின்வளவில் முருங்கை வைக்கக் குழி வெட்டினால் ஒன்றரை அடியில் மண்வெட்டி 'டங்' என்று நின்றது. வீடியோவில் காட்டினேன். சுண்ணாம்பு இறுகிக் கல்லான படை அது, இங்கே கலீச்சி என்பார்கள். அப்பா பார்த்தவுடனே "உதுக்கு மண்வெட்டி சரிவராது, அலவாங்கு வேணும்" என்றார். சுண்ணாம்புக்கல்லை உடைத்துக் கிணறு வெட்டின ஊர்க்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? அன்றைக்கு முக்கால் மணித்தியாலம் கதைத்தார்.

ஆனால் அப்பா சொல்வதெல்லாம் இங்கே எடுபடாது. ஊரில் மாரி பெய்தால் கிணறு நிரம்பும், இங்கே ஒரு வருடத்து மழை 200 மில்லிமீற்றரைத் தொடுவதே பெரிய காரியம். சரி, மழை இல்லையே என்று, பாத்திக்குத் தண்ணி மாறுகிற பழக்கத்தில் தினமும் ஹோஸ் பிடித்தேன். முன்வாசல் கள்ளி அடியிலிருந்து அழுகிச் சரிந்தது. நாகதாளி தன்பாட்டில் வளர்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு வெட்கம்தான். இடைவெளி விட்டு, ஆனால் வேரடி ஆழம் நனையும்படி விடுங்கள். நடுமுன் குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள், மறுநாளும் நின்றால் அந்த இடம் வேண்டாம். நடுவதை ஒக்டோபருக்குத் தள்ளிப்போடுங்கள், 2023 கோடையில் 31 நாள் தொடர்ந்து வெயில் 43 பாகைக்கு மேல் போன இடம் இது.

முருங்கை வெயிலுக்கு அஞ்சாது, உறைபனிக்குத்தான் அஞ்சும். டிசம்பர், ஜனவரியில் குளிர் கூடிய இரவுகளில் பழைய பெட்ஷீற்றால் மூடுங்கள், நுனி கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். கறிவேப்பிலையைப் பச்சையாக ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள், தோடை, எலுமிச்சைக்கு நோய் காவுகிற பூச்சி அதோடு வரும் என்று தடை இருக்கிறது, எயார்போட்டில் பறித்துவிடுவார்கள்.

கோல் எடுக்கும் நேரமும் இங்கே வசதி. பீனிக்ஸில் கோடைக்கென்று மணிக்கூட்டை மாற்றுவதில்லை, ஊருக்கும் எங்களுக்கும் எப்போதும் பன்னிரண்டரை மணித்தியாலம்தான். விடிய ஆறரைக்கு நான் தண்ணீர் விடும்போது அங்கே இரவு ஏழு, அம்மா புட்டு அவித்துக்கொண்டிருப்பார். ரொறன்ரோவில் இருக்கிற சித்தியோடுதான் குழப்பம், குளிர்காலத்தில் இரண்டு மணித்தியாலம், கோடையில் மூன்று.

அம்மா அப்பாவைக் கூப்பிடுவதென்றால் நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் கூப்பிடுங்கள், முற்றத்திலேயே பொங்கலாம். வெறுங்காலோடு வளவுக்குள் இறங்க மட்டும் விடாதீர்கள், முள்ளும் இருக்கிறது, தேளும் இருக்கிறது. கோடையில் நிற்கிறார்கள் என்றால் வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருகிற தண்ணீர் கையைச் சுட்டுவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

அலவாங்கு எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். ஹார்ட்வெயார் கடையில் 'டிகிங் பார்' என்று கேளுங்கள், பாரமானதாகப் பார்த்து எடுங்கள்.