சொந்தமாகச் செய்த ஆம்ப்பில் ஹம்: 10 ஓம் ரெசிஸ்டர் போதுமா, டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழியா?

பொங்கல் லீவில் நானே செய்த ஸ்டீரியோ ஆம்ப் நன்றாகத்தான் பாடுகிறது. ஆனால் பின்னால் ஓயாத "ம்ம்ம்" ஹம். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் அதே அளவு.

ஊர் மதுரை. டி.டி.ஏ. 7294 என்ற ஆம்ப் ஐ.சி. வைத்த போர்டு இரண்டு, ஐ.சி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. 24-0-24, 5 ஆம்பியர், சாதாரண இ.ஐ. கோர் (தகடு அடுக்கிய சதுர வகை) டிரான்ஸ்ஃபார்மர். டி.சி. பிளஸ் மைனஸ் 34 வோல்ட் சரியாக வருகிறது. இரண்டு போர்டுக்கும் ஒரே பவர் சப்ளை.

போனிலிருந்து பாட்டு வரும் ஒயரில், ஒரு சேனலின் ஆர்.சி.ஏ. பின்னை மட்டும் செருகினால் கப்சிப். அடுத்த பின்னின் வெளி வளையம் சாக்கெட்டைத் தொட்டதுமே ஹம் ஆரம்பம். போன் சார்ஜரில் இல்லாதபோதும் அப்படித்தான். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தால் கொஞ்சம் குறைகிறது, போகவில்லை.

இன்புட்டுக்கு ஷீல்டு ஒயர் போட்டாயிற்று. ஸ்பீக்கர் ரிட்டர்ன் உட்பட கிரவுண்டு எல்லாம் கெபாசிட்டர் நடுவில் ஒரே புள்ளியில்தான் சேர்கிறது. 10,000 மைக்ரோஃபாரட்டை இரட்டிப்பாக்கியும் துளி மாற்றமில்லை. எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொன்னார் ஒரு கடைக்காரர். இரும்புப் பெட்டி, உள்ளே 230 வோல்ட். அந்த விளையாட்டுக்கு நான் வரவில்லை. டொராய்டல் (வளைய வடிவக் கோர்) டிரான்ஸ்ஃபார்மர் கேட்டால், ஆர்டர் கொடுத்தால்தான் சுற்றித் தருவார்களாம், விலையும் எகிறுகிறது.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: ஒவ்வொரு போர்டிலும் சிக்னல் கிரவுண்டுக்கும் பவர் கிரவுண்டுக்கும் இடையே 10 ஓம் ரெசிஸ்டர் போட்டால் இந்த கிரவுண்டு லூப் (இரண்டு சேனலின் கிரவுண்டும் சேர்ந்து உண்டாகும் வளையம்) அடங்குமா, இல்லை டொராய்டலுக்கே போக வேண்டுமா?